காதுக்காரர் அனுப்பிய பெட்டிகள்

பிப்ரவரி 11

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கை எழுதுவது. உனக்கும் அண்ணிக்கும் உடம்பு எப்படி இருக்கிறது? எனக்கு ஒன்றும் இல்லை. சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், வேலைக்குப் போகிறேன்.

போன் பண்ணிப் பண்ணி அலுத்துவிட்டது. எப்போது கூப்பிட்டாலும் அண்ணி எடுத்து, "உங்க அண்ணன் குளிக்கிறாரும்மா" என்கிறார். ஒரு மனிதன் இவ்வளவு குளித்தால் சோப்பு மாதிரி தேய்ந்துபோக மாட்டானா? அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

கண்ணாடிக் கடையில் மறுபடியும் சேர்ந்துவிட்டேன். லென்ஸைத் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துகிற அதே மேசை, அதே நாற்காலி. "இன்னும் கொஞ்ச நாள் லீவு எடுத்துக்கோம்மா" என்றார் முதலாளி. வீட்டில் உட்கார்ந்து என்ன செய்யப்போகிறேன், வேண்டாம் என்றுவிட்டேன்.

என் வீட்டுக்காரர் போய் மூன்று மாதம் ஆகிறது. அவரோடு லிப்ட் மெக்கானிக்காக இருந்தவர்கள் இன்னும் வந்து அழுதுவிட்டுப் போகிறார்கள். நான் அவர்களுக்கு டீ போட்டுக் கொடுக்கிறேன். எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. பல் பிடுங்குவதற்கு முன்னால் ஊசி போட்டால் கன்னம் மரத்துப்போகுமே, அது மாதிரி இருக்கிறது. கன்னம் மட்டும் இல்லை, முழுசும்.

போன ஞாயிற்றுக்கிழமை அவருடைய செட்டைப் போட்டேன். ஆம்பிளிபயர், கேசட் டெக் எல்லாம் ஓடுகிறது. ஸ்பீக்கர்தான் போய்விட்டது. கூம்பைச் சுற்றியிருக்கும் ஸ்பாஞ்ச் விரல் பட்டதும் மாவாக உதிர்கிறது. அவர் எப்போதும் போடுவாரே, அந்தப் பாட்டுக்கார அம்மாவுக்குத் தொண்டை கட்டி, மூக்கும் அடைத்த மாதிரி கேட்டது. ஒரு பாட்டு முடிவதற்குள் நிறுத்திவிட்டேன்.

எனக்கு ஒரு ஜோடி ஸ்பீக்கர் வேண்டும் அண்ணா. மென்மையாக, பாட்டு பாட்டாகக் கேட்கிற மாதிரி. காதைக் குத்தக் கூடாது. என் சம்பளம் உனக்குத் தெரியும், அதற்குள் அடங்க வேண்டும். அந்தப் பாட்டை ஒழுங்காகக் கேட்டாலாவது எனக்குள் ஏதாவது அசைகிறதா என்று பார்க்க வேண்டும். இப்படியே கல்லாக இருந்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. ஸ்பீக்கர் கடை கடையாக உன்னைக் காதுக்காரர் என்கிறார்கள். கூடப்பிறந்தவளுக்கு ஒரு ஜோடி பார்த்துத் தர மாட்டாயா?

அவரை எடுத்த அன்று நீ சாயங்கால பஸ்ஸிலேயே கிளம்பிவிட்டாய். சரியாகப் பேசக்கூட முடியவில்லை. பரவாயில்லை.

அண்ணியைக் கேட்டதாகச் சொல். வெயிலில் அலையாதே.

உன் தங்கை

*

பிப்ரவரி 23

அன்புள்ள வாயாடிக்கு,

அண்ணனின் ஆசிகள். நானும் உன் அண்ணியும் சுகம். அவளுக்கு முட்டி வலி, எனக்கு அவள் முட்டி வலியைப் பற்றிக் கேட்கும் வலி. மற்றபடி குறையில்லை. எங்கள் தெருவில் குருவிகளே இல்லாமல் போய்விட்டன, அது ஒன்றுதான் குறை.

உன் கடிதத்தைப் படித்தேன். ஸ்பீக்கர் விஷயத்தை என்னிடம் விட்டுவிடு. நீ பாட்டுக்கு ஏதாவது கடையில் நுழைந்து, பளபளவென்று இருப்பதைக் கட்டிக்கொண்டு வந்துவிடாதே. எங்கள் கடைக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை வாட்ஸ் சார்?" நான் திருப்பிக் கேட்பேன், "எத்தனை பேரை விரட்டணும்?" வாட்ஸ் என்பது குதிரைக்கு எத்தனை கால் என்று கேட்கிற மாதிரி. ஓடுமா என்பதுதான் கேள்வி.

கையில் இருப்பது கொஞ்சம் என்றால் பெரிய பெட்டிக்கு ஆசைப்படக் கூடாது. மலிவான பெரிய பெட்டி பாத்ரூமில் பாடுகிறவன் மாதிரி, எல்லாவற்றுக்கும் ஒரே முழக்கம். சின்னதாக இரண்டு. கீழே பேச்சுக்கும் தாளத்துக்கும் ஒரு கூம்பு, மேலே ஜால்ரா, வயலின் மாதிரி கூரான சத்தங்களுக்கு ஒரு சின்ன ட்வீட்டர். அவ்வளவு போதும். பெட்டியை நானே பின்கட்டில் இழைத்துத் தருகிறேன். கூம்பையும் ட்வீட்டரையும் மட்டும் வாங்கினால் போதும்.

எனக்கு இதெல்லாம் தெரிய வேண்டும். அறை எவ்வளவு நீளம், அகலம்? தரை வெறும் தரையா, விரிப்பு உண்டா? ஜன்னலுக்குத் திரை இருக்கிறதா? பெட்டியைச் சுவரை ஒட்டி வைப்பாயா, தள்ளி வைப்பாயா? எத்தனை பேர் உட்கார்ந்து கேட்பீர்கள்? நாற்காலி எங்கே இருக்கிறது?

மாப்பிள்ளைக்கு நல்ல ரசனை. அவருடைய செட்டைத் தூக்கிப் போட்டுவிடாதே.

போனெல்லாம் வேண்டாம். எழுது. எழுதினால்தான் அளவெல்லாம் கையில் நிற்கும்.

நேரத்துக்குச் சாப்பிடு.

அண்ணன்

*

மார்ச் 6

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். அண்ணியின் முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல். உன்னைக் கொடுக்கச் சொல்கிறேன், அவரை இல்லை.

அறை பதினொன்றுக்குப் பத்து அடி. வெறும் தரை. திரை இருந்தது, அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்ததும் தூசி என்று கழற்றிவிட்டோம், திரும்ப மாட்டவில்லை. பெட்டிகளைச் சுவரிலிருந்து தள்ளி வைக்கலாம், இடம் நிறைய இருக்கிறது. அவருடைய கட்டில் கிடந்த இடம்தான் காலியாக இருக்கிறது.

எத்தனை பேர் உட்கார்ந்து கேட்பீர்கள் என்று எழுதியிருந்தாய். ஒருத்திதான் அண்ணா. நாற்காலி ஜன்னல் பக்கம் இருக்கிறது. நகர்த்தச் சொன்னால் நகர்த்துகிறேன்.

ஒன்று சொல்லட்டுமா? கண் பரிசோதனையின்போது எங்கள் டாக்டர் இரண்டு லென்ஸை மாற்றி மாற்றி வைத்து, "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்பார். முக்கால்வாசிப் பேர் டாக்டர் முகத்தைப் பார்த்துத்தான் பதில் சொல்வார்கள். அவருக்கு எது பிடிக்கும் என்று தெரிந்துகொண்டு அதைச் சொல்வார்கள். அப்படி வாங்கிப்போன கண்ணாடி அடுத்த வாரமே என் மேசைக்குத் திரும்பி வரும். நீ எனக்குத் தேர்ந்தெடுக்கும்போது உன் காதுக்குப் பிடித்ததைத் தேர்ந்தெடு. நான் என்ன சொல்வேன் என்று யோசிக்காதே. நான் ஒன்றும் சொல்கிற நிலையில் இல்லை.

இன்னொன்று. அவருடைய மருந்து அலமாரி காலியாக இருக்கிறது. நீ வந்துபோன அன்றிலிருந்து. மாடி வீட்டு அம்மா எடுத்திருப்பார் என்று நினைத்துக் கேட்டேன். "உங்க அண்ணன்தானேம்மா பையில போட்டுக்கிட்டுப் போனாரு" என்கிறார். உனக்கு எதற்கு அந்த மருந்தெல்லாம்?

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தங்கை

*

மார்ச் 25

அன்புள்ள வாயாடிக்கு,

ஆசிகள். இங்கே எல்லோரும் சுகம். ஒத்தடம் கொடுத்தேன். "சூடு ஜாஸ்தி"ன்னு ஒரு திட்டு, "சூடே இல்லை"ன்னு ஒரு திட்டு.

பதில் எழுத நாளாகிவிட்டது. காரணம் உன் ஸ்பீக்கர்தான். கடை மூடியதும் பின்கட்டில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருக்கிறேன். உன் பணத்துக்குள் இரண்டு ஜோடிதான் தேறியது. ஒன்றில் ட்வீட்டர் துணியால் ஆனது. கடையில் எல்லோரும் அதைத்தான் புகழ்கிறார்கள், பட்டு என்கிறார்கள். பட்டாவது! எனக்கு அது கம்பளியைப் போர்த்திக்கொண்டு பாடுகிற மாதிரி இருக்கிறது. வயலின் எங்கேயோ அடுத்த வீட்டில் வாசிக்கிறார்கள். இன்னொன்றில் ட்வீட்டர் உலோகம். அதில்தான் கொஞ்சம் உயிர் தெரிந்தது.

அதுவும் போதவில்லை. ட்வீட்டர் ரொம்பச் சத்தம் போடாமல் அடக்கிவைக்க அதன் முன்னால் ஒரு சின்ன ரெசிஸ்டர் இருக்கும். அதைக் கழற்றிப் பார்த்தேன். அப்போதுதான் பாட்டு முகத்துக்கு நேரே வந்து நின்றது. வாயைத் திறக்கிறாள், மூச்சு எடுக்கிறாள், எல்லாம் தெரிகிறது. வெண்ணெய். உனக்காக இப்படியே வைத்துவிட்டேன். ரொம்ப நாளைக்கு அப்புறம் நானே ஒரு கேசட்டை முழுசாகக் கேட்டேன்.

மருந்து விஷயம். நீ சொன்னபடிதானே எடுத்துக்கொண்டு போனேன்? "பத்திரமா மருந்தெடுத்துட்டுப் போண்ணா" என்று நீதான் என் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னாய். கண் முன்னால் இருந்தால் உனக்குக் கஷ்டமாக இருக்கும், அதுதான் சொல்கிறாய் என்று நினைத்தேன். பிரிக்காத அட்டைகளை இங்கே இலவசமாக வைத்தியம் பார்க்கும் டாக்டரிடம் கொடுத்தேன். ரொம்ப நன்றி சொன்னார். அந்த நன்றி உனக்குத்தான் சேர வேண்டும்.

பெட்டிக்கு இன்னும் இரண்டு கோட் வார்னிஷ் பாக்கி.

தைரியமாக இரு.

அண்ணன்

*

மே 8

அண்ணாவுக்கு,

நலம்தானே? இங்கே மாற்றம் ஒன்றும் இல்லை.

ஏப்ரல் முழுக்க எழுதவில்லை. எழுதக் கூடாது என்று இல்லை. மேசையில் உட்காருவேன், தாளைப் பார்ப்பேன், எழுந்துவிடுவேன்.

நான் மருந்தை எடுத்துக்கொண்டு போகச் சொல்லவில்லை அண்ணா. அப்படி ஒரு நினைப்பே எனக்கு இல்லை. அவருடைய கையெழுத்தில் காலை, மாலை என்று எழுதிய அட்டைகள் அதில் இருந்தன. நான் கேட்டது வேறு. கூடம் நிறைய ஆட்கள். ஒரு பக்கம் அழுகை, ஒரு பக்கம் யாரோ நாற்காலியை இழுக்கிறார்கள். உன் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, "பத்து நாள் இருந்துட்டுப் போண்ணா" என்றேன். அன்று முழுக்க நான் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. உன்னிடம் அந்த ஒன்றைத்தான் கேட்டேன்.

நீ தலையாட்டினாய். "சரிம்மா, சரிம்மா" என்றாய். அப்புறம் உள்ளே போய் அலமாரியைத் துடைத்து எடுத்துக்கொண்டு, சாயங்கால பஸ்ஸைப் பிடித்துப் போய்விட்டாய். நான் வாசல் வரைக்கும் வந்தேன். நீ திரும்பிப் பார்க்கவில்லை. கூப்பிட்டேன்.

அன்றைக்குத்தான் எனக்கு மரத்துப்போனது என்று நினைக்கிறேன். அவர் போனபோது இல்லை. அது வரைக்கும் தொண்டையில் ஏதோ இருந்தது. நீ தெருமுனை திரும்பியதும் அதுவும் இறங்கிவிட்டது.

இருக்க முடியாது என்றால் முடியாது என்று சொல்லியிருக்கலாம். நான் என்ன சின்னக் குழந்தையா? நான் சொல்லாத ஒன்றைச் சொன்னதாக இப்போது எழுதுகிறாயே, அதுதான் புரியவில்லை.

ஸ்பீக்கர் அனுப்ப வேண்டுமென்றால் அனுப்பு. அவசரம் இல்லை.

அண்ணியை விசாரித்ததாகச் சொல்.

தங்கை

*

மே 30

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பல தடவை படித்தேன்.

மறுநாள் கடையில் சரக்கு இறங்க வேண்டியிருந்தது. முதலாளி கண்டிப்பானவர். அதனால் கிளம்பும்படி ஆகிவிட்டது. தப்புதான். வேறு என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

பெட்டிகளை லாரி பார்சலில் போட்டுவிட்டேன். சிவப்பு ஒயரைச் சிவப்பில், கறுப்பைக் கறுப்பில் மாட்டு. ஒரு பெட்டிக்கு மாற்றி மாட்டிவிட்டால் நடுவில் நின்று பாட வேண்டியவள் எங்கேயோ காணாமல் போய்விடுவாள். இரண்டு பெட்டியையும் நாற்காலியைப் பார்த்து லேசாகத் திருப்பி வை. உட்கார்ந்தால் ட்வீட்டர் உன் காது உயரத்துக்கு வர வேண்டும். ஸ்டூல் போட்டுக்கொள். முதல் ஒரு வாரம் கொஞ்சம் விறைப்பாக இருக்கும், ஓட ஓடப் பழகிவிடும்.

பணம் அனுப்பாதே.

அண்ணன்

அண்ணி எழுதுவது: கண்ணு, நான் சுகம். நீ எப்படி இருக்கே? உன் அண்ணன் உன் கடிதத்தை வச்சுக்கிட்டு ரெண்டு நாளா சரியா சாப்பிடலை. கேட்டா ஒண்ணும் இல்லைங்கிறார். இந்தப் பெட்டியை வீட்டுக்குத் தூக்கிட்டு வந்து போட்டுக் கேட்டார் பாரு, எதிர்வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டிட்டார். விடிஞ்சா ஜன்னல்ல குருவிங்க கத்தல், ராத்திரி இவர் பாட்டு. எனக்குத்தான் தலைவலி. அவர்கிட்டே சொல்லாதே.

*

ஜூன் 14

அண்ணாவுக்கு,

நலம். பெட்டிகள் வந்து சேர்ந்தன. கீறல் இல்லை. ஒயரைச் சரியாக மாட்டிவிட்டேன். நன்றாக இருக்கிறது. நன்றி.

தங்கை

*

ஜூலை 3

அன்புள்ள வாயாடிக்கு,

சுகம்தானே? வாயாடி என்று எழுதவே எனக்கு வெட்கமாக இருக்கிறது. மூன்று வரி எழுதியிருக்கிறாய். அதிலும் ஒரு வரி கீறல் இல்லை என்பது. தபால்காரர்கூட இன்னும் கொஞ்சம் அதிகம் பேசுவார்.

எப்படி இருக்கிறது என்று விவரமாக எழுது. அந்த அம்மாவின் குரல் எப்படி வருகிறது? வயலின்? தாளம் தட்டுகிற சின்ன ஜால்ரா தனியாகத் தெரிகிறதா? உனக்கு ஏதாவது அசைந்ததா? அதற்காகத்தானே கேட்டாய்? அதை எழுதவே இல்லையே.

இன்னொரு காரணமும் இருக்கிறது. உன் பெட்டி மாதிரியே ஒரு பத்து ஜோடி செய்து, சின்ன வீட்டுக்காரர்களுக்கு விற்கலாம் என்று முதலாளியிடம் சொன்னேன். மாதிரிக்கு ஒரு ஜோடி செய்து காட்டினேன். கேட்டுவிட்டு அவரே சத்தத்தைக் குறைத்தார். "நெசமாவே இப்படித்தான் வேணுமா காதுக்காரரே?" என்றார். கடையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண் பாதியில் எழுந்து வெளியே போய்விட்டாள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு நல்ல சத்தத்தைக் கேட்டுப் பழக்கமே இல்லை. வெண்ணெயை வாயில் வைத்தாலும் உப்பு எங்கே என்பார்கள்.

முதலாளி இந்த மாதக் கடைசிக்குள் முடிவு சொல்ல வேண்டும். நீ வருஷக்கணக்கில் மாப்பிள்ளையோடு உட்கார்ந்து நல்ல செட்டில் கேட்டவள். நீ நன்றாக இருக்கிறது என்று எழுதினால் அந்தக் கடிதத்தையே அவரிடம் காட்டிவிடுவேன். நீ சொன்னால் நான் நம்புவேன்.

அண்ணி விசாரித்தாள். குடையில்லாமல் போகாதே.

அண்ணன்

*

ஜூலை 12

அன்புள்ள அண்ணா,

நலமா என்று வழக்கத்துக்குக் கேட்டுக்கொண்டிருந்தேன். இந்தத் தடவை நிஜமாகவே கேட்கிறேன். நலமா?

உனக்குப் பொய் எழுதினேன். பெட்டி நன்றாக இல்லை. போட்ட முதல் நிமிஷமே எனக்குப் பல் கூசியது. அந்த அம்மா ‘ச’ என்று வாயைத் திறக்கும்போதெல்லாம் கண்ணாடிச் சில்லு தெறிக்கிறது. ஜால்ரா தனியாகத் தெரிகிறதா என்று கேட்டாய். ஜால்ரா மட்டும்தான் தெரிகிறது. மாடி வீட்டு அம்மா இறங்கி வந்து, "தகரம் கிகரம் வெட்டுறீங்களாம்மா?" என்றார். ஒயரை மாற்றிப் பார்த்தேன், ஸ்டூலை மாற்றிப் பார்த்தேன், ஓடிப் பழகட்டும் என்று விட்டும் பார்த்தேன். அப்புறம் ஒரு போர்வையைப் போட்டு மூடிவிட்டேன்.

விற்காத சரக்கைத் தங்கை தலையில் கட்டிவிட்டான் என்று நினைத்தேன். பத்து நாள் இருக்க முடியாதவன் இதையாவது ஒழுங்காகச் செய்யக் கூடாதா என்று நினைத்தேன். அந்தக் கோபம்கூட முழுசாக வரவில்லை. மூன்று வரி எழுதிப் போட்டுவிட்டேன்.

அப்புறம் உன் கடிதம் வந்தது. மறுபடியும் வெண்ணெய் என்று எழுதியிருந்தாய். எனக்கு உன்னைத் தெரியும். சம்பளத்தைப் பற்றி அண்ணியிடம் பொய் சொல்வாய், சீட்டு விளையாடினால் பொய் சொல்வாய். ஸ்பீக்கர் விஷயத்தில் பொய் சொல்ல மாட்டாய். அப்படியானால் உனக்கு அது வெண்ணெயாகத்தான் இருக்கிறது.

கண்புரை வந்த பெரியவர்கள் எங்கள் கடைக்கு வருவார்கள். "ஏம்மா, கடையில விளக்கே போடலையா?" என்பார்கள். தலைக்கு மேல் டியூப் லைட் எரிந்துகொண்டிருக்கும். அவர்கள் விளையாட்டுக்குக் கேட்பதில்லை. அவர்கள் கண்ணுக்கு அவ்வளவுதான் வெளிச்சம். அதை யோசித்துக்கொண்டே ஒரு சட்டத்தைப் பொருத்திக்கொண்டிருந்தேன். கை அப்படியே நின்றுவிட்டது.

குருவியே இல்லை என்று நீ எழுதினாய். அண்ணி குருவிக் கத்தல் தாங்கவில்லை என்கிறார். ஒரே வீடு, ஒரே ஜன்னல். போன் பண்ணினால் நீ எப்போதும் குளிக்கிறாய். வாசலில் நின்று நான் கூப்பிட்டேன், நீ திரும்பவில்லை.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். வாயில் துண்டை வைத்து அழுத்திக்கொண்டு சொல்லிப் பார்த்தேன். ‘பத்து நாள் இருந்துட்டுப் போண்ணா.’ ‘பத்திரமா மருந்தெடுத்துட்டுப் போண்ணா.’ துண்டுக்குள் இரண்டும் ஒன்றாகத்தான் இருக்கிறது. என் வாய் உன் தோளில் இருந்தது, நீ என் உதட்டைக்கூடப் பார்த்திருக்க முடியாது. நான் கேட்டது ஒன்று, உனக்குக் கேட்டது ஒன்று. நீ எனக்கு முடியாது என்று சொல்லவே இல்லை. உனக்கு என்ன கேட்டதோ அதைக் கூடப்பிறந்தவளுக்காக அப்படியே செய்தாய்.

அழுதேன் அண்ணா. நின்ற இடத்திலேயே உட்கார்ந்து அழுதேன். அந்தத் துண்டு பிழிகிற மாதிரி ஆகிவிட்டது. முதலில் உனக்காகத்தான் அழுதேன், சத்தியமாக. கடை மூடியபிறகு பின்கட்டில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டி எனக்காகக் கேட்டாயே, அதை நினைத்து. நடுவில் எங்கேயோ அது அவருக்காக ஆகிவிட்டது. அவர் மூச்சு வாங்கியது, கட்டில், எல்லாம் வந்தது. எது எங்கே முடிந்தது என்று தெரியவில்லை. மாடி வீட்டு அம்மா மறுபடியும் இறங்கி வந்தார். இந்தத் தடவை ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

இன்றைக்குக் காலையில் டீ சுட்டது. ரொம்ப நாளாக எனக்கு டீ சுட்டதே இல்லை.

காது டாக்டரைப் பார். கண்ணாடி போட்டுக்கொள்கிற எத்தனையோ பேருக்கு நான் மாட்டிவிட்டிருக்கிறேன், ஒருத்தரையும் குறைவாக நினைத்ததில்லை. உன் முதலாளியிடம் என்ன சொல்வது என்பது உன் பாடு. ஆனால் என் கடிதத்தைக் காட்டி அந்தப் பத்து ஜோடியைச் செய்துவிடாதே. உன் பெயர் கெட்டுவிடும்.

அந்தப் பத்து நாள் எனக்கு இன்னும் வேண்டும். இதை உன் காதில் சொல்லவில்லை, தாளில் எழுதுகிறேன். வந்து இருந்துவிட்டுப் போ.

உன் தங்கை

*

ஜூலை 21

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணிக்கு முட்டி வலி குறைந்திருக்கிறது. எனக்குக் காதைத் தவிர மற்றதெல்லாம் சுகம். இப்படி ஒரு வரியை இதற்கு முன்னால் நான் எழுதியதில்லை. அடித்துவிடலாமா என்று பார்த்தேன், விட்டுவிட்டேன்.

இரண்டு வருஷத்துக்கு மேல் இருக்கும். ஒரேயடியாகப் போகவில்லை, கூரான சத்தங்கள்தான் முதலில் போயின. ஆட்கள் பேசுவது கேட்கும், என்ன பேசுகிறார்கள் என்பதுதான் கேட்காது. ஈரம் பட்டு அழிந்த எழுத்து மாதிரி. அங்கங்கே ஒரு எழுத்தைப் பிடித்து, முகத்தைப் பார்த்து, மிச்சத்தை நானே நிரப்பிக்கொள்வேன். பெரும்பாலும் சரியாக இருக்கும். காது ஒன்றை வைத்துச் சாப்பிடுகிறவன் காது போச்சு என்று எங்கே போய்ச் சொல்வது? அண்ணிக்கு மட்டும் தெரியும். குளிக்கிறார் என்று சொல்லச் சொன்னது நான்தான்.

சாவு வீடு என்னைப் போன்றவனுக்குச் சுலபமான இடம். யார் வந்து கையைப் பிடித்து என்ன சொன்னாலும் தலையாட்டினால் போதும், திருப்பிக் கேட்க மாட்டார்கள். அன்று எல்லோருக்கும் தலையாட்டினேன். உனக்கும் ஆட்டிவிட்டேன். மே மாதம் உன் கடிதத்தைப் படித்தபோதுதான் என்ன செய்திருக்கிறேன் என்று தெரிந்தது. அப்போதாவது எழுதியிருக்க வேண்டும். சரக்கு இறங்க வேண்டியிருந்தது என்று எழுதினேன். அன்று சரக்கும் இல்லை, ஒன்றும் இல்லை.

முதலாளியிடம் சொல்லிவிட்டேன். இனிமேல் சத்தம் பார்க்கிற வேலை வேண்டாம், பெட்டி இழைக்கிற வேலை மட்டும் பாருங்கள் என்றார். நியாயம்தான். சத்தம் பார்க்கிறது இனி அந்தப் புதுப் பெண். பாதியில் எழுந்து போனாளே, அவள்தான். நான் அன்று அவளைத் திட்டினேன், பாவம். டாக்டரிடமும் போய் வந்தேன். மிஷின் ஒன்று வைக்கலாம் என்கிறார். பழைய மாதிரி வராதாம். எனக்கு இதில் அழவும் தோன்றவில்லை, ஒன்றும் தோன்றவில்லை. நீ எழுதியிருந்தாயே பல் ஊசி, அதுதான்.

ரெசிஸ்டரில் நாலைந்து அளவு வாங்கி வைத்திருக்கிறேன். உன் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக மாட்டுகிறேன். நீ நாற்காலியில் உட்கார்ந்து, குத்துகிறதா இல்லையா என்று மட்டும் சொல். என் முகத்தைப் பார்த்துச் சொல்லாதே, பாட்டைக் கேட்டுச் சொல்.

சனிக்கிழமை மத்தியான பஸ்ஸில் வருகிறேன். பத்து நாளுக்குத் துணி எடுத்து வைத்தாயிற்று. அண்ணியும் வருகிறேன் என்றாள், அவள் அடுத்த வாரம் வருவாள். இந்த வாரம் நான் மட்டும். பஸ் நிலையத்தில் கூட்டமாக இருக்கும். என்னைப் பார்த்தால் பின்னாலிருந்து கூப்பிடாதே, எனக்குக் கேட்காது. முன்னால் வந்து நில்.

உன் அண்ணன்